கட்டி சிறியதுதான், கல்லீரல் தாங்குமா?

ஸ்கேன் ரிப்போர்ட்டில் கல்லீரலின் வலப்பக்கம் 4 செ.மீ. அளவில் ஒரு புற்றுநோய்க் கட்டி. வேறெங்கும் பரவவில்லை. ரத்தப் பரிசோதனைத் தாளின் ஓரத்தில் "சைல்ட் ஏ" என்று எழுதியிருக்கிறார் டாக்டர். கல்லீரலின் நிலையைப் பொறுத்து ஏ, பி, சி என்று மூன்று வகை உண்டு, அதில் ஏ தான் நல்லது என்று யாரோ சொல்ல, வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. அடுத்த வாரம் பார்த்த அறுவை நிபுணரோ "வெட்டி எடுப்பது ஆபத்து, வேறு வழி பார்க்கலாம்" என்கிறார். இன்னொரு மருத்துவமனையில் "தாராளமாகச் செய்யலாம், சின்னத் துண்டாக எடுத்துவிடலாம்" என்கிறார்கள்.

இரண்டு பேரும் பார்த்தது ஒரே தாளைத்தான். ஆனால் கல்லீரல் அறுவையைத் தாங்குமா என்று கணிக்க ஒவ்வொருவரும் நம்பும் மதிப்பெண் வேறு. குழப்பத்தின் வேர் அங்கேதான் இருக்கிறது: கல்லீரல் புற்றுநோயை வெட்டி எடுக்கும் அறுவைக்கு முன் கணக்கிடப்படும் மதிப்பெண்களில் பல, இந்த அறுவைக்காக உருவானவையே அல்ல. ஒவ்வொன்றும் வேறொரு கேள்விக்குப் பதிலாகப் பிறந்து, பிறகு இங்கே குடியேறியது. எது எந்தக் கேள்விக்குப் பிறந்தது என்று தெரிந்தால், எதை எவ்வளவு நம்பலாம் என்பதும் தெரியும்.

ஒரே உறுப்பில் இரண்டு நோய்

கல்லீரலிலேயே தோன்றும் புற்றுநோய்களில் பெரும்பாலானவை ஹெப்படோசெல்லுலார் கார்சினோமா என்ற வகையைச் சேர்ந்தவை. இது வருபவர்களில் 80 முதல் 90 சதவீதம் பேருக்கு ஏற்கெனவே சிரோசிஸ் இருக்கும். ஹெபடைடிஸ் பி, ஹெபடைடிஸ் சி, மது, கொழுப்புக் கல்லீரல் என எதனாலோ பல ஆண்டுகள் புண்பட்டு, ஆறி, மறுபடி புண்பட்டு, தழும்பு படிந்து இறுகிப்போன கல்லீரல் அது. மற்ற உறுப்புகளின் புற்றுநோயில் கட்டியைச் சுற்றி இருப்பது பெரும்பாலும் நல்ல திசு. இங்கே கட்டியைச் சுற்றி இருப்பதும் நோயாளிதான்.

நோயற்ற கல்லீரலில் முக்கால் பங்கை வெட்டி எடுத்தாலும் மிச்சம் சமாளித்துவிடும், சில வாரங்களில் வளர்ந்தும்விடும். சிரோசிஸ் கல்லீரலுக்கு அந்த வளர்ச்சி மெதுவாகத்தான் வரும், குறைவாகத்தான் வரும். அதைவிடப் பெரிய சிக்கல் ரத்த ஓட்டம்.

கல்லீரலுக்கு வரும் ரத்தத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கு போர்ட்டல் சிரை வழியாக, குடலிலிருந்தும் மண்ணீரலிலிருந்தும் வருகிறது. ஏரி மடையிலிருந்து வரும் தண்ணீரைப் போல இதை நினைத்துக்கொள்ளலாம். வாய்க்கால்கள் தூர்ந்துபோனால் தண்ணீர் கரையை முட்டும், கிடைத்த பக்கமெல்லாம் உடைத்துக்கொண்டு போகும். சிரோசிஸில் நடப்பது இதுதான். போர்ட்டல் சிரையில் அழுத்தம் ஏறுகிறது. மண்ணீரல் வீங்கி, ரத்தம் உறைய உதவும் தட்டணுக்களை (பிளேட்லெட்) பிடித்து வைத்துக்கொள்கிறது. உணவுக்குழாயில் ரத்தக்குழாய்கள் புடைக்கின்றன. வயிற்றில் நீர் கோக்கிறது. இந்த நிலையில் கல்லீரலில் பாதியை வெட்டினால், மடையிலிருந்து வரும் நீர் குறையாது. ஓட வேண்டிய வாய்க்கால்கள்தான் பாதியாகின்றன.

ஆகவே அறுவைக்கு முன் கேட்க வேண்டியது கட்டியின் அளவை மட்டும் அல்ல. எவ்வளவு கல்லீரல் மிஞ்சும், அது எப்படிப்பட்ட கல்லீரல், அதன்மேல் எவ்வளவு அழுத்தம் என்ற மூன்றும் சேர்ந்ததுதான் விடை.

எந்த முடிவைக் கணிக்கிறோம்?

"ஆபரேஷன் சக்சஸ்" என்ற ஒரே சொல்லுக்குள் நான்கு வெவ்வேறு விஷயங்கள் ஒளிந்திருக்கின்றன.

1. உயிர் பிழைத்தல். 30 நாள் கணக்கு ஒன்று, 90 நாள் கணக்கு ஒன்று உண்டு. சிரோசிஸ் உள்ளவர்களுக்கு 90 நாள் கணக்குதான் நேர்மையானது. கல்லீரல் செயலிழப்பு மெதுவாகக் கொல்லும் நோய். ஐசியுவில் 35ஆம் நாள் இறந்தவர் 30 நாள் கணக்கில் "பிழைத்தவர்" ஆகிவிடுவார்.

2. கல்லீரல் செயலிழப்பு. உயிர் போகாவிட்டாலும் மஞ்சள் காமாலை, வயிற்று நீர், நினைவு தடுமாறும் குழப்ப நிலை என்று மாதக்கணக்கில் இழுக்கலாம்.

3. புற்றுநோய் திரும்ப வருதல். வெட்டி எடுத்த பின்னும் ஐந்து ஆண்டுகளுக்குள் 70 சதவீதம் வரையானோருக்குத் திரும்ப வருகிறது. முதல் இரண்டு ஆண்டுகளில் வருவது பெரும்பாலும் பழைய கட்டி ஏற்கெனவே தூவிவிட்ட விதை. அதற்குப் பின் வருவது சிரோசிஸ் கல்லீரலில் புதிதாக முளைத்த வேறொரு கட்டி.

4. நீண்டகால ஆயுள். மேலே சொன்ன மூன்றின் கூட்டு விளைவு இது.

இவற்றில் முதல் இரண்டைத் தீர்மானிப்பது பெரும்பாலும் கல்லீரலின் நிலை. மூன்றாவதில் கட்டியின் குணமும் சேர்கிறது: எத்தனை கட்டிகள், நுண்ணிய ரத்தக்குழாய்களுக்குள் புகுந்திருக்கிறதா, ஏஎஃப்பி என்ற புற்றுநோய்க் குறியீட்டுப் புரதம் ரத்தத்தில் எவ்வளவு என்பவை. ஒரு மதிப்பெண் இரண்டாவதைக் கணிப்பதில் கெட்டியாக இருந்துகொண்டு மூன்றாவதைப் பற்றி எதுவுமே சொல்லாமல் இருக்கலாம். டாக்டர் ஒரு சதவீதம் சொன்னால், அது இந்த நான்கில் எதன் சதவீதம் என்று முதலில் கேட்டுக்கொள்வது நல்லது.

மதிப்பெண்கள் பிறந்த கதை

சைல்ட்-பியூ. 1964ல் சைல்ட், டர்காட் என்ற இரண்டு அறுவை நிபுணர்கள், போர்ட்டல் அழுத்தத்தைக் குறைக்கும் அறுவைக்கு யார் தாங்குவார்கள் என்று பார்க்க ஏ, பி, சி என்று வகுத்தார்கள். 1973ல் லண்டனில் பியூவும் அவர் சகாக்களும் அதைத் திருத்தினார்கள். அவர்கள் கவலை, உணவுக்குழாயில் ரத்தம் கசிபவர்களுக்குச் செய்யும் அறுவையைப் பற்றியது. கல்லீரலை வெட்டுவது பற்றிய கேள்வியே அங்கே இல்லை.

இதில் ஐந்து அம்சங்கள், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 3 புள்ளி:

1. பிலிருபின், அதாவது மஞ்சள் காமாலையில் ஏறும் நிறமி: 2க்குக் கீழ் 1 புள்ளி, 2 முதல் 3 வரை 2 புள்ளி, 3க்கு மேல் 3 புள்ளி (டெசிலிட்டருக்கு மில்லிகிராம் கணக்கில்).
2. அல்புமின், அதாவது கல்லீரல் தயாரிக்கும் புரதம்: 3.5க்கு மேல் 1, 2.8 முதல் 3.5 வரை 2, அதற்குக் கீழ் 3 (டெசிலிட்டருக்கு கிராம் கணக்கில்).
3. ஐஎன்ஆர், அதாவது ரத்தம் உறைய ஆகும் நேரத்தின் அளவு: 1.7க்குக் கீழ் 1, 2.3 வரை 2, அதற்கு மேல் 3.
4. வயிற்று நீர்: இல்லை, கொஞ்சம், அதிகம்.
5. குழப்ப நிலை: இல்லை, லேசாக, தீவிரமாக.

மொத்தம் 5 அல்லது 6 வந்தால் ஏ. 7 முதல் 9 வரை பி. 10 முதல் 15 வரை சி. சி என்றால் வெட்டி எடுப்பது பேச்சுக்கே இடமில்லை. பி என்றால் பெரும்பாலும் இல்லை, மிகச் சிறிய துண்டு எடுப்பதற்கு மட்டும் சிலரைத் தேர்ந்தெடுப்பார்கள். இந்த இரண்டு வகையினரை ஒதுக்குவதில் அது இன்றும் பயன்படுகிறது.

சிக்கல் ஏ பிரிவுக்குள் இருக்கிறது. பிலிருபின் 0.5 இருப்பவருக்கும் 1.9 இருப்பவருக்கும் இதில் ஒரே புள்ளி. போர்ட்டல் அழுத்தம் கணக்கிலேயே இல்லை, தட்டணுக்கள் இல்லை, சிறுநீரகம் இல்லை. வயிற்று நீர் "கொஞ்சமா, அதிகமா" என்பதும் பார்ப்பவர் கண்ணைப் பொறுத்தது. பள்ளியில் 35 வாங்கினாலும் பாஸ், 100 வாங்கினாலும் பாஸ் என்பது போல, சைல்ட் ஏ என்பது ஒரு நீண்ட வரிசை. அந்த வரிசையில் எங்கே நிற்கிறோம் என்பதை அது சொல்வதில்லை.

மெல்ட். 2000ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் பிறந்தது. கல்லீரலுக்குள் ஒரு குழாய் வைத்துப் போர்ட்டல் அழுத்தத்தைக் குறைக்கும் சிகிச்சை இருக்கிறது. அதைச் செய்துகொண்டவர்களில் மூன்று மாதத்துக்குள் யார் இறப்பார்கள் என்று கணிப்பதுதான் அதன் முதல் வேலை. 2002 முதல் அமெரிக்காவில் கல்லீரல் மாற்று அறுவைக்கு யாருக்கு முன்னுரிமை என்று தீர்மானிக்கப் பயன்பட்டதால் உலகம் முழுவதும் பரவியது. பிலிருபின், ஐஎன்ஆர், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் என்ற மூன்றை மடக்கைக் கணக்கில் சேர்த்து 6 முதல் 40 வரை ஓர் எண் தருகிறது. பார்ப்பவர் கண்ணுக்கு இதில் வேலையில்லை, அது பெரிய லாபம். பிற்பாடு சோடியத்தையும், மெல்ட் 3.0ல் அல்புமினையும் பாலினத்தையும் சேர்த்துக்கொண்டார்கள்.

வெட்டி எடுக்கும் அறுவைக்கும் இது பொருந்துமா என்று மேயோவிலேயே பார்த்தார்கள். 2005ல் வெளியான அந்த ஆய்வில் சிரோசிஸோடு கல்லீரல் புற்றுநோய் அறுவை செய்துகொண்ட 82 பேர். மெல்ட் 8 அல்லது அதற்குக் கீழ் இருந்தவர்களில் அறுவையை ஒட்டி யாரும் இறக்கவில்லை. 9 அல்லது அதற்கு மேல் இருந்தவர்களில் 29 சதவீதம் பேர் இறந்தார்கள். மாற்று அறுவைப் பட்டியலில் 9 என்பது அவசரமே இல்லாத எண். கத்தி வைக்கும்போது அதே 9 எச்சரிக்கை மணி ஆகிவிடுகிறது. ஒரே எண்ணுக்கு இரண்டு இடத்தில் இரண்டு பொருள்.

ஆல்பி. 2015ல் வந்தது. அல்புமின், பிலிருபின் என்ற இரண்டே எண்கள். கல்லீரல் புற்றுநோய் உள்ளவர்களின் கல்லீரல் திறனை அளக்கவே உருவானது என்பதால், இந்தக் குடும்பத்தில் இதற்குத்தான் நெருங்கிய உறவு. சைல்ட் ஏ என்ற நீண்ட வரிசையை இரண்டாக உடைத்துக் காட்டுவது இதன் சிறப்பு. முதல் தரம், இரண்டாம் தரம் என்று ஏ பிரிவினரே பிரிந்துவிடுகிறார்கள்.

இணையக் கணிப்பான்கள். சிரோசிஸ் உள்ளவர்களுக்கு அறுவை ஆபத்தைச் சொல்லும் கணிப்பான்கள் இணையத்தில் கிடைக்கின்றன. அவற்றில் பெயர்பெற்ற ஒன்று, 2007ல் மேயோ கிளினிக்கில் 772 பேரை வைத்து வந்த ஆய்விலிருந்து பிறந்தது. அவர்கள் செய்துகொண்டவை செரிமான உறுப்பு, எலும்பு, இதய அறுவைகள். எவ்வளவு கல்லீரல் மிஞ்சும் என்று கேட்காத ஒரு கணிப்பானில் எண்களைத் தட்டிவிட்டு, வரும் சதவீதத்தைப் பார்த்து இரவெல்லாம் தூங்காமல் கிடப்பதில் பொருளில்லை.

பார்சிலோனாவும் டோக்கியோவும்

"கல்லீரலை வெட்டினால் என்ன ஆகும்" என்ற கேள்வியை நேரடியாகக் கேட்டவர்கள் இரண்டு ஊர்க்காரர்கள். இருவரும் வேறு வேறு பதிலோடு வந்தார்கள். மேலே சொன்ன இரண்டு மருத்துவமனைகளின் கருத்து வேறுபாடு பெரும்பாலும் இந்த இரண்டு பள்ளிகளின் வேறுபாடுதான்.

பார்சிலோனாக் குழு அழுத்தத்தைப் பார்த்தது. கழுத்துச் சிரை வழியாக மெல்லிய குழாயைக் கல்லீரல் சிரைக்குள் கொண்டுபோய், பலூனை ஊதி அடைத்து ஓர் அழுத்தம், அடைக்காமல் ஓர் அழுத்தம் என்று இரண்டு அளவு எடுப்பார்கள். இரண்டின் வித்தியாசம் 5 மி.மீ. பாதரசம் வரை இருந்தால் இயல்பு. 10 அல்லது அதற்கு மேல் போனால் கவலைக்குரிய போர்ட்டல் அழுத்தம். 1996ல் வெளியான அவர்கள் ஆய்வில் இருந்தது 29 பேர்தான், அத்தனை பேரும் சைல்ட் ஏ. அறுவைக்குப் பின் யாருடைய கல்லீரல் தள்ளாடியது என்று பார்த்தபோது, அதை முன்கூட்டிச் சொன்னது இந்த அழுத்த வித்தியாசம் மட்டுமே. 1999ல் அதே குழு ஐந்தாண்டு ஆயுளைக் கணக்கிட்டது. போர்ட்டல் அழுத்தம் இல்லாதவர்களில் 74 சதவீதம். அழுத்தம் இருந்தும் பிலிருபின் இயல்பாக இருந்தவர்களில் 50. இரண்டும் கெட்டிருந்தால் 25. மேற்கத்திய வழிகாட்டிகள் பல ஆண்டுகள் "போர்ட்டல் அழுத்தமா, வெட்டாதே" என்று சொன்னதற்கு இந்த ஆய்வுகளே அடிப்படை.

டோக்கியோவில் மக்குச்சி என்ற அறுவை நிபுணர் வேறு வழி பார்த்தார். ஐசிஜி என்ற பச்சைச் சாயத்தை, உடல் எடையில் கிலோவுக்கு 0.5 மி.கி. வீதம், சிரையில் செலுத்துவார்கள். இதை ரத்தத்திலிருந்து நீக்குவது கல்லீரல் ஒன்றுதான், சிறுநீரகம் தொடாது. 15 நிமிடம் கழித்து எத்தனை சதவீதம் ரத்தத்தில் மிஞ்சியிருக்கிறது என்று பார்ப்பார்கள். நல்ல கல்லீரலில் 10க்குக் கீழ். தேய்ந்த கல்லீரலில் அது ஏறிக்கொண்டே போகும். மக்குச்சி இதை ஒரு படிக்கட்டாக அமைத்தார்:

1. மருந்துக்கும் அடங்காத வயிற்று நீர் இருந்தால் வெட்டக் கூடாது.
2. பிலிருபின் 2 அல்லது அதற்கு மேல் இருந்தால் வெட்டக் கூடாது. 1.6 முதல் 1.9 வரை என்றால் கட்டியை மட்டும் தோண்டி எடுக்கலாம். 1.1 முதல் 1.5 வரை என்றால் கட்டியைச் சுற்றிச் சிறிதளவு.
3. பிலிருபின் 1.0 வரை இருந்தால் மட்டும் சாயக் கணக்குக்குப் போகலாம். மிச்சம் 10க்குக் கீழ் என்றால் வலப்பாதி முழுவதையும் எடுக்கலாம். 10 முதல் 19 வரை என்றால் இடப்பாதி, அல்லது வலப்பக்கத்தில் ஒரு பகுதி. 20 முதல் 29 வரை என்றால் கல்லீரலின் எட்டுக் கூறுகளில் ஒரு கூறு. 30க்கு மேல் சிறு துண்டு. 40க்கு மேல் தோண்டி எடுப்பது மட்டும்.

இந்தப் படிக்கட்டின் அழகு, "செய்யலாமா, கூடாதா" என்ற கேள்வியை "எவ்வளவு எடுக்கலாம்" என்று மாற்றியதில் இருக்கிறது. 2003ல் டோக்கியோக் குழு வெளியிட்ட கணக்கில், எட்டு ஆண்டுகளில் 1,056 கல்லீரல் அறுவைகள், ஒரு மரணமும் இல்லை. கை நேர்த்தி அதற்கு ஒரு காரணம் என்றால், தாங்காதவரிடமிருந்து அதிகம் எடுக்காத கட்டுப்பாடு இன்னொரு காரணம்.

2008ல் டோக்கியோக் குழு பார்சிலோனாவுக்கு நேரடியாகவே பதில் சொன்னது. சைல்ட் ஏ பிரிவில் போர்ட்டல் அழுத்தம் இருந்தவர்களில் 56 சதவீதம் பேர் ஐந்தாண்டு உயிரோடு இருந்தார்கள், இல்லாதவர்களில் 71. வித்தியாசம் உண்டுதான். ஆனால் 56 என்பது ஒருவருக்கு அறுவையை மறுக்கும் அளவுக்கு மோசமான எண்ணா என்பதே அவர்கள் கேள்வி.

என் பார்வையில் இருவரும் முரண்படவில்லை. பார்சிலோனா ஆபத்து எங்கே ஒளிந்திருக்கிறது என்று காட்டியது. டோக்கியோ அந்த ஆபத்துக்குள் எவ்வளவு தூரம் போகலாம் என்று அளந்தது. 2018ல் வந்த ஐரோப்பியக் கல்லீரல் சங்கத்தின் வழிகாட்டி ஒற்றைத் தடையை விட்டுவிட்டு, மூன்று கேள்விகளைக் கோத்துப் பார்க்கச் சொல்கிறது: போர்ட்டல் அழுத்தம் உண்டா, மூன்று கூறுகளோ அதற்கு மேலோ வெட்டும் பெரிய அறுவையா, மெல்ட் 9க்கு மேலா. மூன்றுக்கும் "இல்லை" என்றால் கல்லீரல் தள்ளாடும் வாய்ப்பு 5 சதவீதத்துக்குக் கீழ். போர்ட்டல் அழுத்தத்தோடு பெரிய அறுவையும் சேர்ந்தால் 30க்கு மேல். மற்றவை நடுவில்.

எல்லா ஊரிலும் கழுத்து வழியாகக் குழாய் விட்டு அளக்க வசதி இருக்காது. அதனால் மறைமுக அடையாளங்களைப் பார்ப்பார்கள்: மண்ணீரல் வீக்கத்தோடு தட்டணுக்கள் ஒரு லட்சத்துக்குக் கீழ் இருத்தல், எண்டோஸ்கோப்பியில் புடைத்த குழாய்கள், கல்லீரலின் இறுக்கத்தை அளக்கும் ஃபைப்ரோஸ்கேனில் 25 கிலோபாஸ்கலும் அதற்கு மேலும். ரிப்போர்ட்டில் "தட்டணு 85,000" என்று இருப்பதை டெங்குக் காய்ச்சல் கணக்கில் பார்த்து, பப்பாளி இலைச் சாறு கொடுத்து ஏற்றப் பார்ப்பவர்கள் உண்டு. இங்கே அந்த எண் மண்ணீரலின் செய்தி. சாறு குடித்தால் போர்ட்டல் அழுத்தம் இறங்காது.

எவ்வளவு மிஞ்சும்?

சி.டி. ஸ்கேன் படங்களைக் கணினியில் அடுக்கி, வெட்டிய பின் மிஞ்சப்போகும் கல்லீரலின் கன அளவை முன்பே கணக்கிடுவார்கள். நல்ல கல்லீரல் என்றால் மொத்தத்தில் 20 முதல் 25 சதவீதம் மிஞ்சினால் போதும். சிரோசிஸ் என்றால் 40 சதவீதமாவது வேண்டும். வலப்பாதியை முழுவதும் எடுத்தால் மிஞ்சும் இடப்பாதி பலருக்கு 35 முதல் 40 சதவீதம்தான். எல்லைக்கோட்டிலேயே நிற்கிற கணக்கு.

போதாது என்றால் ஒரு வழி உண்டு. எடுக்கப்போகும் பக்கத்துக்குப் போகும் போர்ட்டல் சிரைக் கிளையை முன்கூட்டியே அடைத்துவிடுவார்கள். ரத்தம் மறுபக்கம் திரும்ப, அந்தப் பக்கம் வளரத் தொடங்கும். சில வாரம் கழித்து மறுபடி ஸ்கேன். இதில் எதிர்பாராத ஒரு நன்மை இருக்கிறது: காத்திருந்தும் வளராத கல்லீரல், அறுவைக்குப் பின்னும் பெரும்பாலும் வளராது. எந்த மதிப்பெண்ணும் தராத விடையை இந்த ஒத்திகை தந்துவிடுகிறது.

ஒரே தாள், ஐந்து தீர்ப்பு

ஒரு கற்பனை நோயாளியை எடுத்துக்கொள்வோம். வயது 58. பிலிருபின் 1.4, அல்புமின் 3.4, ஐஎன்ஆர் 1.2, கிரியாட்டினின் 0.9, தட்டணுக்கள் 85,000. மண்ணீரல் வீங்கியிருக்கிறது. வயிற்று நீர் இல்லை, குழப்பம் இல்லை. கட்டி 4 செ.மீ., வலப்பக்கம், ஒன்றே ஒன்று.

1. சைல்ட்-பியூ: அல்புமினுக்கு 2, மற்ற நான்குக்கும் தலா 1. மொத்தம் 6, ஏ பிரிவு. "நல்லது."
2. ஆல்பி: கணக்குப் போட்டால் மைனஸ் 1.98. முதல் தரத்துக்கு மைனஸ் 2.60 அல்லது அதற்குக் கீழ் வேண்டும். ஆக இரண்டாம் தரம். "சுமார்."
3. மெல்ட்: 9.74, முழு எண்ணாக 10. "எச்சரிக்கை."
4. தட்டணுவும் மண்ணீரலும்: போர்ட்டல் அழுத்தம் இருக்கிறது. "பெரிய அறுவை வேண்டாம்."
5. மக்குச்சி படிக்கட்டு: பிலிருபின் 1.4 என்பதால் சாயப் பரிசோதனை வரை போக வேண்டியதே இல்லை. "சுற்றிச் சிறிதளவு மட்டும்."

ஐந்தில் ஒன்றும் பொய் சொல்லவில்லை. வலப்பாதியை எடுப்பது இவருக்கு ஆபத்து. கட்டி ஓரத்தில், மேற்பரப்புக்கு அருகில் இருந்தால் சிறு துண்டாக எடுக்கலாம், சிறு துளைகள் வழியே லேப்ராஸ்கோப்பியில் செய்தால் வயிற்றுச் சுவரின் காயமும் குறையும். அதே கட்டி கல்லீரலின் நடு ஆழத்தில், பெரிய குழாய்களை ஒட்டி இருந்தால், சிறு துண்டாக எடுக்க வழியே இருக்காது. முதல் அறுவை நிபுணர் "ஆபத்து" என்றதும், இரண்டாமவர் "சின்னத் துண்டாக" என்றதும் இப்போது பொருள்படும்.

வெட்டுவது ஒன்றுதான் வழி என்றும் இல்லை. ஊசி செலுத்திச் சூட்டால் கட்டியைக் கருக்கும் முறை, 3 செ.மீ. வரையான கட்டிக்கு நன்றாக வேலை செய்யும். 4 செ.மீ. சற்றுப் பெரிது. கல்லீரல் மாற்று அறுவை கட்டியையும் சிரோசிஸையும் சேர்த்தே நீக்குகிறது. 1996ல் மிலான் நகரத்திலிருந்து வந்த அளவுகோல்படி, 5 செ.மீ.க்கு மிகாத ஒற்றைக் கட்டி, அல்லது ஒவ்வொன்றும் 3 செ.மீ.க்கு மிகாத மூன்று கட்டிகள் வரை உள்ளவர்கள் அதற்குத் தகுதி பெறுகிறார்கள். அந்த முதல் ஆய்வில் 48 பேர், நான்கு ஆண்டு ஆயுள் 75 சதவீதம். நம் கற்பனை நோயாளி இதற்குள் வருகிறார். கொடையாளர் கிடைப்பதும் செலவும் தனிக் கதை. இந்தியாவில் இது பெரும்பாலும் உயிரோடு இருக்கும் உறவினர் தரும் கல்லீரல் பகுதியை நம்பியே நடக்கிறது.

கணிப்பு எங்கே சறுக்கும்

எல்லா ஆய்வுகளுக்கும் பொதுவான ஒரு பலவீனம் இருக்கிறது. அறுவை செய்யப்பட்டவர்கள் மட்டுமே அவற்றில் இருக்கிறார்கள். நோயாளி அறைக்குள் நடந்து வரும் விதத்தைப் பார்த்தே "இவர் தாங்கமாட்டார்" என்று அனுபவமுள்ள நிபுணர் திருப்பி அனுப்பியவர்கள் எந்தக் கணக்கிலும் இல்லை. மெல்ட் 12 இருந்தும் அறுவை செய்யப்பட்டவர், அந்த எண்ணில் இல்லாத ஏதோ ஒரு பலத்தைக் கண்டு தேர்ந்தெடுக்கப்பட்டிருப்பார். அவர் பிழைத்ததை வைத்து, மெல்ட் 12 உள்ள எல்லோரும் பிழைப்பார்கள் என்று முடிவு கட்ட முடியாது.

அந்த நிபுணர் கண்ணால் கண்டதை அளக்கவும் இப்போது வழிகள் வந்திருக்கின்றன. கைப்பிடி வலு, ஐந்து முறை நாற்காலியிலிருந்து எழுந்து உட்கார ஆகும் நேரம், நின்று சமநிலை காப்பது, சி.டி.யில் இடுப்புத் தசையின் பரப்பு என்று. சிரோசிஸ் தசையைத் தின்னும் நோய். வயிற்று நீர் ஏறியிருக்கும்போது எடை குறையாமல் இருப்பதால், தசை கரைவது வீட்டில் உள்ளவர்கள் கண்ணுக்குத் தெரிவதே இல்லை.

இன்னொரு சறுக்கல், வரிசைப்படுத்துவதையும் அளவு சொல்வதையும் குழப்பிக்கொள்வது. இரண்டு பேரில் யாருக்கு ஆபத்து அதிகம் என்று ஒரு மதிப்பெண் சரியாகச் சொல்லலாம். ஆனால் "உங்களுக்கு 12 சதவீதம்" என்று அது சொல்லும் அளவு, வேறு ஊரில், வேறு காலத்தில் திரட்டிய கணக்கிலிருந்து வந்தது. ஹெபடைடிஸ் சி அதிகமாக இருந்த ஜப்பானில் பிறந்த அளவு, மதுவாலும் சர்க்கரை நோயோடு வரும் கொழுப்புக் கல்லீரலாலும் சிரோசிஸ் வந்தவருக்கு அப்படியே பொருந்த வேண்டியதில்லை. ஆகவே உலகச் சராசரியைவிட, இந்த மருத்துவமனையில், இந்த அளவு வெட்டியவர்களில், 90 நாளில் என்ன ஆனது என்ற கேள்விக்கு எடை அதிகம்.

மதிப்பெண் மாறவும் கூடும். மதுவை நிறுத்துவது, ஹெபடைடிஸ் பி வைரஸுக்கு மாத்திரை தொடங்குவது, புரதச் சத்தைக் கூட்டுவது ஆகியவை சில வாரம், சில மாதங்களில் பிலிருபினையும் அல்புமினையும் நகர்த்தலாம். கட்டி வளரும் வேகத்தோடு போட்டி போட்டுக்கொண்டுதான் இதைச் செய்ய வேண்டும் என்பதால், எவ்வளவு காத்திருப்பது என்பதே ஒரு தனித் தீர்மானம்.

ஐந்தாம் நாள்

அறுவை முடிந்த முதல் இரண்டு, மூன்று நாட்களில் பிலிருபினும் ஐஎன்ஆரும் ஏறுவது பலருக்கும் நடக்கும். இறங்கத் தொடங்குகிறதா என்பதுதான் கேள்வி. 2005ல் பாரிஸை ஒட்டிய கிளிஷியிலிருந்து வந்த ஆய்வு, 775 கல்லீரல் அறுவைகளைப் பார்த்து ஓர் எளிய விதி சொன்னது. ஐந்தாம் நாளில் ரத்த உறைவுத் திறன் 50 சதவீதத்துக்குக் கீழும், பிலிருபின் லிட்டருக்கு 50 மைக்ரோமோலுக்கு மேலும், நம் ரிப்போர்ட் கணக்கில் ஏறக்குறைய 2.9க்கு மேலும், இரண்டும் சேர்ந்து இருந்தால் 59 சதவீதம் பேர் இறந்தார்கள். இல்லாதவர்களில் 1.2 சதவீதம்.

2011ல் பன்னாட்டுக் குழு ஒன்று அறுவைக்குப் பின்னான கல்லீரல் செயலிழப்புக்கு வரையறை வகுத்தபோதும் அதே ஐந்தாம் நாளையே எடுத்துக்கொண்டது. அன்றோ அதற்குப் பின்னோ ஐஎன்ஆரும் பிலிருபினும் ஏறி நின்றால் செயலிழப்பு. சிகிச்சையை மாற்ற வேண்டியிராவிட்டால் ஏ தரம். மாற்ற வேண்டியிருந்தும் உடலைத் துளைக்கும் சிகிச்சை இல்லாமல் சமாளித்தால் பி. டயாலிசிஸ், வென்டிலேட்டர் என்று போனால் சி. அறுவைக்கு முன் பார்த்த சைல்ட் ஏ, பி, சி வேறு, இந்த ஏ, பி, சி வேறு.

ஐந்தாம் நாள் எண்கள் நன்றாக இருந்து வீட்டுக்கு அனுப்பப்பட்டவருக்கும் 90 நாள் கணக்கு முடியவில்லை. கால் வீக்கம், இறுகும் வேட்டிக் கட்டு, இரவில் விழித்துப் பகலில் தூங்குவது, பேச்சில் தடுமாற்றம் என எது தெரிந்தாலும் அடுத்த பரிசோதனைத் தேதி வரை காத்திருக்காமல் அன்றே மருத்துவமனைக்குச் சொல்ல வேண்டும்.